ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்...’ இரைச்சலா? முதலில் எர்த்தைப் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, கூடவே ஒரு 2.1 ஸ்பீக்கர் செட்டும் வாங்கி, ஆசையோடு பாட்டுப் போட உட்காருகிறீர்கள். பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்பே சப்-ஊஃபரிலிருந்து ‘ம்ம்ம்ம்...’ என்று ஓர் உறுமல். பாட்டு ஓடும்போது அமுங்கிவிடுகிறது. இரண்டு பாட்டுகளுக்கு இடையில் மறுபடியும் தலை தூக்குகிறது. கடைக்காரரைக் கேட்டால் ‘அப்படித்தான் சார் இருக்கும்’ என்பார். தெரிந்தவரைக் கேட்டால் ‘மூணு பின் பிளக்கில் பெரிய பின்னை எடுத்துவிடுங்க, நின்னுடும்’ என்பார். பல நேரம் நிற்கும் என்பதும் உண்மைதான். ஆனால் தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். ஏன் என்பதை எங்கள் வீட்டுக் கதையோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நான் அந்தப் பின்னை எடுக்கவில்லை. அதைவிடப் பாதுகாப்பானது என்று நினைத்து வேறொன்றைச் செய்தேன். விளைவு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

என் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் ரோட்டில் இருக்கிறது. நான் படித்தது இன்ஜினீயரிங், பார்ப்பது பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. ஊரில் இன்ஜினீயர் என்றால் மிக்ஸியிலிருந்து மோட்டார் வரை எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. போன தீபாவளிக்கு அப்பாவுக்கு ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டரும் ஸ்பீக்கர் செட்டும் வாங்கிக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் இரண்டு இன்புட் இருந்ததால் ஒன்றில் கம்ப்யூட்டரையும், இன்னொன்றில் கேபிள் டிவியின் செட்டாப் பாக்ஸையும் இணைத்தேன். பழைய பாட்டும் கேட்கலாம், டிவிக்கும் நல்ல சவுண்ட் வரும் என்று கணக்கு. உடனே ஆரம்பித்தது உறுமல்.

அன்று நான் செய்த சோதனைகள் எல்லாமே சரியானவைதான். உங்களுக்கும் பயன்படும். முதலில் அவற்றைப் பார்ப்போம்.

இது என்ன சத்தம்?

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம். அது வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. இதைத்தான் 50 ஹெர்ட்ஸ் என்கிறோம். இந்த அலை ஆடியோ ஒயருக்குள் புகுந்துவிட்டால் ஸ்பீக்கர் அதையும் பாட்டு என்று நினைத்துப் பாடிவிடுகிறது. அதுதான் ‘ஹம்’. ஆம்ப்ளிஃபயருக்குள் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் பகுதியில் கோளாறு என்றால் வருவது 100 ஹெர்ட்ஸ். டயோடுகள் அலையின் இரண்டு பாதிகளையும் ஒரே பக்கமாகத் திருப்பிவிடுவதால் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. காதுக்கு இது கொஞ்சம் மேல் ஸ்தாயியில், சற்றுக் கரகரப்பாகக் கேட்கும். மொபைலில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஆப் ஒன்றைப் போட்டு ஸ்பீக்கர் அருகே பிடித்தால் எந்த எண்ணுக்கு நேராகக் கோடு உயர்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

ஒரு சின்ன விஷயம். 2013 டிசம்பர் 31 அன்று ரெய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்மாநில மின்கட்டமைப்பு நாட்டின் மற்ற பகுதியோடு இணைந்தது. ஆகவே உங்கள் ஸ்பீக்கரும் டெல்லியில் ஒருவர் வீட்டு ஸ்பீக்கரும் உறுமினால் ஒரே சுருதியில்தான் உறுமும்! அமெரிக்காவில் சுருதி வேறு, அங்கே 60 ஹெர்ட்ஸ்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

ஸ்பீக்கர் கோனிலிருந்து வருகிறதா, பெட்டியிலிருந்தே வருகிறதா என்று முதலில் காதை வைத்துக் கேளுங்கள். வால்யூமை முழுவதும் குறைத்த பிறகும் ஸ்டெபிலைசரோ யு.பி.எஸ்.ஸோ சப்-ஊஃபரின் பின்பக்கமோ லேசாக ரீங்காரம் இட்டால், அது டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புத் தகடுகள் அதிரும் சத்தம். கொஞ்சம் இருப்பது இயல்பு. பெட்டி மேஜையோடு சேர்ந்து அதிர்ந்தால் அடியில் ஒரு ரப்பர் துண்டு வையுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் சத்தம் கூடுகிறதா? உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கலாம். ஃபேனும் அப்போது முனகும், கவனித்துப் பாருங்கள். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

சத்தம் கோனிலிருந்துதான் வருகிறது என்றால், ஸ்பீக்கரின் வால்யூம் திருகைத் திருப்பிப் பாருங்கள். திருகினாலும் சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றால் கோளாறு ஸ்பீக்கர் செட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. பெரும்பாலும் பவர் சப்ளையில் உள்ள பெரிய கெபாசிட்டர் காய்ந்திருக்கும். தலைப்பகுதி உப்பியிருப்பதை வைத்தே மெக்கானிக் கண்டுபிடித்துவிடுவார். நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். வாரண்டி இருந்தால் அதுவும் போய்விடும்.

திருகும்போது சத்தமும் கூடிக் குறைகிறதா? அப்படியானால் அது ஒயர் வழியாக வெளியிலிருந்து உள்ளே வருகிறது. கம்ப்யூட்டர் பக்கம் சொருகியிருக்கும் ஆடியோ பின்னைப் பிடுங்கிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. இதில் ஒரு தவறு உண்டு. பிடுங்கிய ஒயர் தரையில் கிடந்தபடி ஒரு ஏரியல் மாதிரி வேலை செய்து இன்னும் அதிகமாக உறுமும். நாமும் ஸ்பீக்கர்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவோம். ஒயரை ஸ்பீக்கர் பக்கத்தில் பிடுங்குங்கள். அங்கே பிடுங்கியதும் அமைதியானால் ஸ்பீக்கர் நல்ல நிலையில் இருக்கிறது. அடுத்து அதே ஒயரைச் சார்ஜரில் போடாத ஒரு மொபைலில் சொருகிப் பாட்டுப் போடுங்கள். சத்தம் சுத்தமாக வந்தால் ஒயரும் நல்லதுதான். மொபைலிலும் உறுமினால், ஒயரை ஆட்டும்போது ‘கர்ர்’ என்று மாறினால், உள்ளே உறைக்கம்பி அறுந்திருக்கும். புது ஒயர் வாங்கிவிடுங்கள்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். அடாப்டரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டுங்கள். உறுமல் நின்றால் அது அடாப்டர் வழியாக வருகிறது.

விண்டோஸிலும் ஒரு இடம் பார்க்க வேண்டும். சவுண்ட் கண்ட்ரோல் பேனலில் ரெக்கார்டிங் டேபுக்குப் போய், மைக்கைத் தேர்வு செய்து, பிராப்பர்ட்டீஸைத் திறங்கள். அங்கே ‘லிசன் டு திஸ் டிவைஸ்’ என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். மைக் பூஸ்ட் அதிகமாக இருந்தாலும் குறையுங்கள். மைக்கே சொருகாத காலி சாக்கெட்டில் புகும் இரைச்சலைச் சில கம்ப்யூட்டர்கள் ஸ்பீக்கருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

நான் கண்டுபிடித்ததும், கோட்டை விட்டதும்

எங்கள் வீட்டில் மொபைலை இணைத்துப் பார்த்தேன், உறுமல் இல்லை. கம்ப்யூட்டரை மட்டும் இணைத்தால் இல்லை. செட்டாப் பாக்ஸை மட்டும் இணைத்தால் இல்லை. இரண்டையும் சேர்த்து இணைத்தால் மட்டும் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். இது ‘கிரவுண்ட் லூப்’ அல்லவா, படித்ததுதானே!

கிரவுண்ட் லூப் என்றால் என்ன? கம்ப்யூட்டர் மூன்று பின் பிளக் வழியாக வீட்டு எர்த்தோடு இணைந்திருக்கிறது. கேபிள் டிவி ஒயரின் வெளி உறை, தெருவில் எங்கோ ஓர் இடத்தில் தரையோடு இணைந்திருக்கும். இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் சேர்த்தவுடன், ஆடியோ ஒயரின் உறை வழியாக ஒரு எர்த்துக்கும் இன்னொரு எர்த்துக்கும் பாலம் போட்டுவிட்டோம். இரண்டு எர்த்துக்கும் நடுவில் கொஞ்சம் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலும் அந்தப் பாலத்தில் மின்சாரம் ஓடும். அதைத்தான் ஸ்பீக்கர் ‘ம்ம்ம்’ என்று சொல்கிறது.

அதனால் செட்டாப் பாக்ஸிலிருந்து ஸ்பீக்கருக்கு வந்த ஒயரைப் பிடுங்கிவிட்டேன். டிவிக்கு அதன் சொந்த ஸ்பீக்கரே போதும் என்று அப்பாவிடம் சொன்னேன். உறுமல் நின்றது. அப்பா முகத்தில் ஒரு பெருமை. நானும் பஸ் ஏறிவிட்டேன்.

கோட்டை விட்டது எதை என்றால், உறுமல் எப்போதும் ஒரே அளவில் இருக்கவில்லை. அன்று காலை அம்மா வடைக்கு உளுந்து அரைக்க கிரைண்டரைப் போட்டபோது அது இரண்டு மடங்காக ஏறியது. கிரைண்டர் நின்றதும் இறங்கியது. மோட்டார் ஓடினால் கொஞ்சம் இரைச்சல் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அம்மாவிடமிருந்து போன். “ஃபிரிட்ஜைத் தொட்டா சுருக்குனு இழுக்குதுடா. கம்ப்யூட்டர் பெட்டியைத் துடைச்சாலும் அப்படித்தான்.” ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். தீபத்துக்கு லீவில் வரும்போது பார்க்கிறேன் என்றேன். அந்த வாரமே ஒரு மழை நாளில், கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஈரக் கையோடு ஃபிரிட்ஜ் கதவைத் திறந்திருக்கிறார்கள். கை உதறி, பின்னால் இருந்த மேடையில் மோதி விழுந்துவிட்டார்கள். கை பிடித்துக்கொள்ளாமல் உதறியது எங்கள் நல்ல நேரம். முழங்கையில் வீக்கத்தோடு போயிற்று. அன்று இரவே கிளம்பி வந்தேன்.

மைக் செட்காரர் சொன்ன ஒரு வரி

எங்கள் தெருவில் மைக் செட் வாடகைக்கு விடுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று முப்பது வருடமாக ஆம்ப்ளிஃபயரோடு வாழ்பவர். எலக்ட்ரீஷியனுக்காகக் காத்திருக்கும்போது அவரிடம் பேச்சுக்குச் சொன்னேன். முதலில் உறுமல், அதை நான் நிறுத்தியது, இப்போது ஷாக். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

“கிரைண்டர் ஓடுறப்ப ஹம் அதிகமாச்சா தம்பி?”

“ஆமாண்ணா.”

“அப்ப கோளாறு ஸ்பீக்கர்ல இல்ல, தரையில இருக்குது. ஒங்க வீட்ல எர்த் இல்ல.”

ஜெனரேட்டரில் மைக் செட் போடும்போது மேடை ஓரத்தில் ஒரு இரும்புக் கம்பியை அடித்து, தண்ணீர் ஊற்றி, அதில் ஒயர் கட்டினால் உறுமல் போய்விடும் என்பது அவருடைய அன்றாட அனுபவம்.

எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்ட் லேம்ப் வைத்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் பல்ப் பிரகாசமாக எரிந்தது. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் அதேபோல எரிந்திருக்க வேண்டும். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. மீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 110ஐ ஒட்டி இருந்தது. கிரைண்டரைப் போட்டதும் 140ஐத் தாண்டியது. (இந்தச் சோதனைகளை நீங்கள் செய்யாதீர்கள். எலக்ட்ரீஷியனைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள்.)

வீட்டுக்குப் பின்னால் மண்ணில் புதைத்திருந்த எர்த் பைப்பைத் தேடினோம். சில வருடங்களுக்கு முன் பின்பக்கம் சிமெண்ட் தரை போட்டபோது பைப்புக்குப் போகும் கம்பி அறுந்து, மேலே பூசி மூடப்பட்டிருந்தது. மூன்று பின் சாக்கெட்டுகளின் எர்த் ஒயர்கள் எல்லாம் தங்களுக்குள் ஒழுங்காக இணைந்திருந்தன. ஆனால் அவை மண்ணைத் தொடவில்லை.

ஆடியோ ஒயர்தான் எங்கள் எர்த்!

இப்போது கதையைத் திருப்பிப் பாருங்கள். கிரைண்டர் மோட்டாருக்குள் ஈரம் இறங்கி அதன் உடம்பில் மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. கிரைண்டர், ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டர் மூன்றின் உலோக உடம்பும் எர்த் ஒயரால் ஒன்றோடு ஒன்று இணைந்தவை. கசிந்த மின்சாரம் மண்ணுக்குப் போக வழியில்லை. தீபாவளி அன்று நான் ஸ்பீக்கரில் இரண்டையும் இணைத்தவுடன் ஒரு வழி கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டர் கேபினெட், அங்கிருந்து ஆடியோ ஒயரின் உறை, ஸ்பீக்கர், செட்டாப் பாக்ஸ், கேபிள் ஒயரின் உறை, கடைசியில் தெருவில் உள்ள மண். நாங்கள் கேட்ட உறுமல் அந்தக் கசிவு மின்சாரம் ஓடும் சத்தம். ஹாலில் நான் அந்த ஒயரைப் பிடுங்கியபோது, சமையலறையில் இருந்த ஃபிரிட்ஜுக்கு இருந்த ஒரே எர்த்தைப் பிடுங்கிவிட்டேன். உறுமிய வரை ஷாக் இல்லை. அமைதியானதும் ஷாக்.

அதற்கு முன்பு, தீபாவளிக்கு முன்னால் ஏன் ஷாக் அடிக்கவில்லை என்று அப்பா கேட்டார். லேசாக அடித்துக்கொண்டுதான் இருந்ததாம், அம்மா யாரிடமும் சொல்லவில்லை. மழைக்காலம் வந்து ஈரம் ஏறியதும் கசிவு கூடிவிட்டது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். எந்தக் கோளாறும் இல்லாத கம்ப்யூட்டர்கூட, எர்த் இல்லாத சாக்கெட்டில் சொருகினால் கேபினெட்டில் சுருக்கென்னும். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் உள்ள ஃபில்டரில் பேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் கேபினெட்டுக்குச் சிறிய கெபாசிட்டர்கள் போகின்றன. எர்த் இல்லாவிட்டால் கேபினெட் நடுவில் தொங்கும், அதாவது 230இல் பாதியாக 115 வோல்ட்டை ஒட்டி நிற்கும். இதில் ஓடும் மின்சாரம் மிகக் குறைவு, சுருக்கென்பதோடு சரி. ஆனால் டெஸ்டர் வைத்தால் இதற்கும் எரியும், எங்கள் கிரைண்டர் மாதிரி ஆபத்தான கசிவுக்கும் எரியும். இரண்டையும் டெஸ்டர் பிரித்துச் சொல்லாது. ஆகவே ‘கம்ப்யூட்டர்னா லேசா ஷாக் அடிக்கும்’ என்று யாராவது சொன்னால் நம்பி விட்டுவிடாதீர்கள். எர்த் சரியாக இருந்தால் அந்தச் சுருக்கும் வராது.

என்னவெல்லாம் செய்தோம்

சிமெண்ட் தரைக்கு அந்தப் பக்கம் புதிதாகக் குழி தோண்டி, இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு மூடினோம். எங்கள் பக்கம் கோடையில் மண் வறண்டு இறுகிவிடும். வறண்ட மண்ணில் எர்த் வேலை செய்யாது. அதனால் வெயில் காலத்தில் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது இப்போது அப்பாவின் வேலை. கிரைண்டர் மோட்டார் ரிப்பேருக்குப் போய் வந்தது.

மெயின் போர்டில் ஒரு ஆர்.சி.சி.பி. போட்டோம். ஏற்கெனவே எம்.சி.பி. இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: 6 ஆம்பியர் எம்.சி.பி., அதைவிட அதிகமாக மின்சாரம் இழுத்தால்தான் விழும். அது ஒயரைக் காப்பாற்ற வந்தது. ஆளைக் காப்பாற்ற வந்தது ஆர்.சி.சி.பி. பேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், அதாவது 6 ஆம்பியரில் 200இல் ஒரு பங்கு வழி தவறிப் போனால், கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும். வீட்டு உபயோகத்துக்கு 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். 100, 300 என்றும் கடையில் இருக்கும், அவை ஆளுக்கான காவல் அல்ல.

இத்தனைக்கும் பிறகு செட்டாப் பாக்ஸின் ஆடியோ ஒயரை மறுபடியும் சொருகினேன். உறுமல் வந்தது! ஆனால் மிக மெல்லியதாக, கிரைண்டர் ஓடினாலும் மாறாமல். இதுதான் நிஜமான கிரவுண்ட் லூப். வீட்டு எர்த்தும் கேபிள் எர்த்தும் துல்லியமாகச் சமமாக இருக்காது அல்லவா? முதலில் எல்லாப் பிளக்குகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு மாற்றினேன், கொஞ்சம் குறைந்தது. பிறகு ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ ஒன்று வாங்கிச் செட்டாப் பாக்ஸுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் போட்டேன். சில நூறு ரூபாய்தான். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். பாட்டு காந்தப் புலமாகத் தாண்டிப் போகும், கம்பி இணைப்பு இருக்காது. மலிவான ஐசொலேட்டரில் பேஸ் சத்தம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். உங்கள் ஸ்பீக்கரில் புளூடூத் இருந்தால் கம்ப்யூட்டரைப் புளூடூத்தில் இணைத்துவிட்டாலும் இதே பலன் கிடைக்கும்.

இந்த ஐசொலேட்டரைத் தீபாவளி அன்றே வாங்கிப் போட்டிருந்தாலும் உறுமல் நின்றிருக்கும், அம்மாவுக்கு ஷாக்கும் அடித்திருக்கும். எனவே வரிசை முக்கியம். சுருக்கென்கிறதா, கிரைண்டரோ ஃபிரிட்ஜோ மோட்டாரோ ஓடும்போது உறுமல் மாறுகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் ஐசொலேட்டர் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆர்.சி.சி.பி.யில் டெஸ்ட் பட்டன் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்தினால் ‘டக்’ என்று விழ வேண்டும், விழாவிட்டால் மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு அமாவாசைக்கும் அம்மாதான் அழுத்துகிறார்கள். கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்யச் சொல்லி முன்கூட்டியே அப்பாவுக்குக் குரல் கொடுத்துவிட்டு.